கடைசித் தாள்

"கடைசிப் பக்கத்தை முதல்ல படிச்சிட்டா, அப்புறம் கதையில என்னக்கா இருக்கு?"

வாடகைப் புத்தகக் கடைக்காரர் நான்கு மாதமாக இதைக் கேட்டு வருகிறார். அந்த அம்மாள் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. மூன்று நாளைக்கு ஒருமுறை, சரியாக மூன்றரை மணிக்கு வருவாள். 'சாம்பல் தொப்பி' வரிசையில் அடுத்த புத்தகத்தை உருவுவாள். நின்ற வாக்கிலேயே கடைசித் தாளைப் புரட்டுவாள். சாம்பல் தொப்பிக்காரன் உயிரோடு இருக்கிறான் என்று கண்ணால் பார்த்த பிறகுதான் புத்தகம் பைக்குள் போகும்.

"அடுத்த புத்தகம் அலமாரியில நிக்குது. இதுல எப்படி அவன் சாவான்?" என்று ஒருநாள் கேலிகூடச் செய்தார். அவள் சிரிக்கவில்லை.

அவளைப் பற்றி அவராகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். வீட்டில் குடிகாரப் புருஷன், இல்லையென்றால் கைவிட்ட பிள்ளை. நல்லவன் ஒருத்தனின் முகத்தைப் பார்க்கவே கதைக்குள் போகவேண்டிய ஜீவன்.

"நாப்பதாவது வந்திருச்சாமே தம்பி?"

இன்று வந்ததும் அவள் இப்படித்தான் கேட்டாள். நாற்பதாவதுதான் கடைசி. அதில் எழுத்தாளர் சாம்பல் தொப்பியைக் கொன்றுவிட்டார். எரிகிற ஆலைக்குள்ளிருந்து ஒரு குழந்தையைத் தூக்கி வந்து வெளியே தள்ளுகிறான். கூரை அவன்மேல் விழுகிறது. படித்த ஒருவர் புத்தகத்தை மேசைமேல் விட்டெறிந்துவிட்டுப் போனார்.

அதனால்தான் இன்று மத்தியானம் கடைக்காரர் அந்தக் காரியத்தைச் செய்தார். கடை வைத்த ஏழு வருடத்தில் ஒரு புத்தகத்தின் முனையைக்கூட மடிக்காதவர், அடிக்கோலை வைத்துக் கடைசித் தாளை நறுக்கென்று கிழித்து எடுத்துவிட்டார். இந்த ஒருத்தியாவது ஏமாந்தபடியே இருந்துவிட்டுப் போகட்டும்.

"வந்திருக்கு. ஆனா சுமார்தான்க்கா. குடும்பக் கதை ஒண்ணு தரட்டுமா? அழ வைக்காது, தூங்க வைக்கும்."

"சாம்பல் தொப்பிதான் வேணும்."

புத்தகத்தை எடுத்தார். கொடுக்க மனம் வரவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார்.

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இந்த மாதிரி ஆளெல்லாம் நிஜத்துல கிடையாது. எட்டு வருஷத்துக்கு முன்னாடி நடுரோட்டுல கால் முறிஞ்சு கிடந்தேன். பட்டப்பகல். நாப்பது நிமிஷம். எத்தனை வண்டி போச்சு! ஒரே ஒருத்தர் நின்னார். அப்பாடான்னு இருந்துச்சு. அவர் என்ன பண்ணார் தெரியுமா? வழியில கிடந்த என் செருப்பை ஓரமாத் தள்ளிவிட்டுட்டுப் போயிட்டார்."

இந்தக் கதைக்கு யாராக இருந்தாலும் சிரிப்பார்கள். அவள் சிரிக்கவில்லை. அலமாரியைப் பார்த்தபடி கேட்டாள்.

"அப்புறம் எதுக்குத் தம்பி இந்தப் புத்தகங்களைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க?"

அவர் வெளியே தெருவைப் பார்த்தார்.

"படுக்கையில இருந்த மூணு மாசமும் இதைத்தான் படிச்சேன். எனக்காக நின்னவன் இவன் ஒருத்தன்தான். பொய்னு தெரியும். தெரிஞ்சே படிச்சேன். அடுத்தவனுக்காக உயிரைக் கொடுக்கிறவன் உலகத்துல எவன் இருக்கான், நீங்களே சொல்லுங்க?"

அவள் கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கினாள். வழக்கம்போலக் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, புகைக்குள்ளிருந்து வாசல் வெளிச்சத்தை நோக்கிச் சாம்பல் தொப்பி நடக்கிறான். அத்தோடு சரி.

அவள் விரல் அட்டையின் உள்மடிப்பில் மெதுவாக இறங்கியது. கிழிந்த தாளின் மிச்சத்தைத் தடவிப் பார்த்தது.

"கிழிச்சிட்டீங்களா?"

"அது வந்து... பைண்டிங் கொஞ்சம்..."

"செத்துடுறான், தெரியும். வார்டுல நர்ஸுங்க பேசிக்கிட்டாங்க." பைக்குள் கைவிட்டு, காகிதத்தில் சுற்றிய பிளேடு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். "நானே கிழிக்கணும்னுதான் வந்தேன். எனக்கு இவ்வளவு நேரா வந்திருக்காது."

கடைக்காரர் பிளேடையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்களுக்குத்தான் தெரிஞ்சுபோச்சே. அப்புறம் எதுக்குக் கிழிக்கணும்? அதென்ன வார்டு?"

"நான் எங்க எனக்காகப் படிக்கிறேன்? எலும்பு வார்டுல ஏழு வயசுப் பொண்ணு ஒண்ணு இருக்கு. நாலு மணிக்கு உள்ள விடுவாங்க, போய்ப் படிச்சுக் காட்டுவேன். முடிஞ்சதும் 'அவன் வெளியே வந்துட்டானா'ன்னு கேட்பா. நான் சொன்னா நம்ப மாட்டா. கடைசிப் பக்கத்தைப் பிடுங்கி, எழுத்துக் கூட்டி அவளே படிப்பா. வந்துட்டான்னு தெரிஞ்சாத்தான் ரெண்டு வாய் சாப்பிடுவா."

"அடடா. பேத்தியா அக்கா?"

அவள் புத்தகத்தைப் பைக்குள் வைத்தாள். படியிறங்கப் போனவள், திரும்பாமலே சொன்னாள்:

"பேத்தி இல்ல. பஸ் கால்வாயில விழுந்தப்ப, என் பையன் ஜன்னல் வழியா வெளியே தள்ளிவிட்ட குழந்தை. அந்த அண்ணன் எங்கேன்னு தினமும் கேட்கிறா தம்பி, மாடி வார்டுல படுத்திருக்கான்னு சொல்லி வெச்சிருக்கேன்."