ஐம்பதில் ஒன்று

ஐம்பதாவது தோட்டாவைப் பெட்டியில் செருகியபோதுதான் அவளுக்கு அந்தக் காப்பி ஞாபகம் வந்தது.

மத்தியானம், வேலை பாதியில் இருந்தபோது, சமையலறையிலிருந்து கணவர் குழந்தைவேல் குரல் கொடுத்தார்.

"அம்மிணி, காப்பி ஆறுதாக்கும்!"

தலையைத் திருப்பினாள். "வந்துட்டனுங்க" என்றாள். மறுபடி மேசையைப் பார்த்து, வெடிமருந்து கொட்டும் பிடியை இறக்கினாள்.

அதற்கு முன்னால், அதே தோட்டாக் கூட்டுக்கு, ஒரு தடவை இறக்கியிருந்தாளா?

தெரியவில்லை.

சனியன் பிடித்த காப்பி. அதைக் குடிக்கவும் இல்லை.

ஹூஸ்டனில் அவர்கள் வீட்டுக் கராஜ். சுட்டுப் போட்ட பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, கழுவி, அடியில் பொட்டுவெடி போல ஒன்றைப் பொருத்தி, மருந்து கொட்டி, வாயில் ஈயக் குண்டை அழுத்தினால் மறுபடி தோட்டா. அந்த ஊரில் அதற்குத் தடை இல்லை. கைத்துப்பாக்கிக் கிளப்பில் பாதிப்பேர் வீட்டில்தான் செய்கிறார்கள். நானும் செய்கிறேன் என்று அவள் சொன்னபோது, எல்லோர் முன்னாலும் அவர் சிரித்தார்.

"தோசையவே முழுசாத் திருப்ப மாட்டா!"

மறுநாளே அழுத்துகிற எந்திரத்தை வாங்கிவிட்டாள். வீம்புதான். இல்லையென்று யார் சொன்னது?

கையேட்டின் முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. வேலை நடக்கையில் பேசாதே. குண்டை அழுத்துமுன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் விளக்கடித்துப் பார்.

பார்த்தாள்.

அந்த ஒன்றைப் பார்த்தாளா என்பதுதான் தெரியவில்லை.

இரண்டு பங்கு விழுந்தால் வழிந்து காட்டிக்கொடுக்கும் என்றால் பயமில்லை. இந்த மருந்து அப்படி இல்லை. ஒரு பங்கே ஒரு சிட்டிகைதான். இரண்டு சிட்டிகையும் கூட்டுக்குள் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும், துப்பாக்கி பிளக்கிற வரைக்கும்.

நாளைக் காலை பெண்கள் போட்டி. ஆனால் அதற்கு முன் சோதனையாகச் சுடும் முதல் ஐந்தை அவள் சுடப்போவதில்லை. அவர் சொல்லிவிட்டார். அப்போது சிரிக்கவும் இல்லை.

"நீ செஞ்சத மொதல்ல நாஞ் சுட்டுப் பாக்கறேன். போனா எங் கையி போவட்டும்."

தராசை இழுத்து வைத்தாள். ஒவ்வொன்றாக நிறுத்தாள். ஒவ்வொரு பித்தளைக் கூடும் ஒவ்வொரு எடை. கூடுதல் சிட்டிகை அந்த வித்தியாசத்துக்குள் ஒளிந்துகொண்டது. தராசும் கைவிரித்துவிட்டது.

நாற்பத்தொன்பது நல்லவை. ஒருவேளை ஐம்பதுமே நல்லவை.

வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். அல்லது அலமாரியில் அவருடைய கடைத் தோட்டாக்கள் இருக்கின்றன, அவற்றை எடுத்துக்கொள்ளலாம். அவர் ஆயுசுக்கும் சிரிப்பார்.

சிரிக்கட்டும். சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் அவள் கடைத் தோட்டாவை எடுக்கவில்லை.

தோட்டாவைப் பிரிப்பதற்கென்றே உள்ள, தலை குடைவான பிளாஸ்டிக் சுத்தியலை எடுத்தாள். அதன் தலைக்குள் முதல் தோட்டாவைப் பொருத்தி, மரக்கட்டையில் ஓங்கி அடித்தாள். குண்டு கழன்றது. மருந்து கொட்டியது. நிறுத்தாள். சரியாக இருந்தது.

அடுத்தது. அதுவும் சரி.

அடுத்தது.

சத்தம் கேட்டு அவர் வந்து வாசலில் நின்றார். "ஏ அம்மிணி, செஞ்சதையெல்லாம் எதுக்கு ஒடைக்கற?"

இனி இந்த மேசை முன்னால் அவள் யாருக்கும் பதில் சொல்லப்போவதில்லை. அடித்தாள். நிறுத்தாள். அவர் முகத்தில் ஒரு கிண்டல் தயாராகிக்கொண்டிருந்தது.

மூன்றாவது வரிசையில் ஒன்று. அடித்தாள். மருந்தைத் தட்டில் கொட்டினாள்.

கொட்டியது. இன்னும் கொட்டியது.

தராசு முள் இதுவரை நின்ற இடத்தில் நிற்கவில்லை. ஏறிப் போயிற்று.

அவர் முள்ளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு தன் வலது கையைப் பார்த்தார். விரல்களை ஒரு தடவை மடக்கி, விரித்தார்.

அவளுக்கு அழுகை வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு மீதி இருந்தவற்றையும் உடைத்தாள். ஒன்றையும் விடவில்லை.

கலந்த மருந்தையெல்லாம் தனியே ஒதுக்கினாள். மேசையைத் துடைத்தாள். முதல் கூட்டை எடுத்து வைத்தாள்.

"ஏனுங்க, கதவச் சாத்திட்டுப் போங்க."

போனார்.

பிடியை இறக்கினாள். விளக்கடித்தாள். பார்த்தாள். அழுத்தினாள். கழுத்து வலித்தது. முதுகு வலித்தது. ஐம்பதும் முடியும் வரை எழவில்லை.

எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

கதவை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளுக்கும் நடுவே அவளுடைய காப்பி. மேலே ஆடை படிந்திருந்தது.

அவர் கூப்பிடவே இல்லை.