துணைக்கு வந்தவர்

“பக்கத்துல உட்கார்ந்திருக்கிறது யாரும்மா?”

“இது என்ன கேள்வி? என் வீட்டுக்காரர்.”

மகளுக்கு மூச்சு வந்தது. பரவாயில்லை, அந்த அளவுக்கு முற்றவில்லை.

“அவர் என்ன வேலை பார்த்தார்?” டாக்டரம்மா அடுத்த கேள்வியைப் போட்டார்.

அம்மா மின்விசிறியைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். “பஸ்ல... கண்டக்டர்.”

போச்சு! அப்பா ஆயுசு முழுக்க பஸ் ஓட்டியவர். டிரைவர் என்பதில் அவருக்கு இருந்த மிதப்பு கொஞ்சநஞ்சமல்ல. யாராவது வாய் தவறிக் கண்டக்டர் என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது.

இப்போதும் அவர் புருவம் விறுக்கென்று ஏறியது. ஆனால் வாய் திறக்கவில்லை.

பக்கவாதம் வந்தபின் அவர் இப்படித்தான். கை கால் ஓரளவு தேறிவிட்டது. பேச்சுதான் இடக்குப் பண்ணியது. நினைப்பது ஒன்று, வாயில் வருவது வேறொன்று. ஒருநாள் கடையில் சோப்பு கேட்கப் போய், ‘சாவி’ என்று சொல்லிவிட்டார். அங்கே நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அன்றைக்குப் பூட்டிய வாய்தான். தண்ணீர் வேண்டுமென்றாலும் விரல்தான் நீளும். இப்படியே இருந்தால் மிச்சமிருக்கும் பேச்சும் போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் எவ்வளவோ எடுத்துச் சொன்னார்கள். பயிற்சி என்றாலே மனுஷர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அது போதாதென்று இப்போது அம்மா. கொஞ்ச நாளாக எல்லாவற்றையும் தலைகீழாகச் சொல்கிறாள். பல் டாக்டரான மருமகனை எதிர்வீட்டுக்காரியிடம் டிராயிங் மாஸ்டர் என்று சொல்லி வைத்தாள். ஞாபகம் போகிறது என்று அவளே ஒத்துக்கொண்டு, அவளே போன் போட்டு இந்த மறுவாழ்வு மையத்தில் நேரமும் வாங்கிவிட்டாள். “வீட்டுக்காரரும் கூட வரணுமாம்” என்றதும், அப்பாதான் முதல் ஆளாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

இரண்டு பேரையும் எப்படிப் பார்த்துக்கொள்ளப் போகிறோம் என்று மகளுக்குப் புரியவில்லை.

“சரி, இந்தப் பொண்ணு பொறந்த அன்னைக்கு என்ன நடந்துச்சு? ஞாபகம் இருக்கா?”

“நல்லா இருக்கே!” அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “வலி வந்துடுச்சு. தனியா டாக்ஸி பிடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இவர் எட்டிக்கூடப் பார்க்கலை. டியூட்டி இருக்குன்னு சொல்லிட்டார்.”

அப்பாவின் காது மடல் சிவந்தது. அம்மாவின் முழங்கையைப் பிடித்து உலுக்கினார். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

“விடுங்க, நடந்ததைத்தானே சொல்றேன். டாக்ஸிக்காரன் நல்ல மனுஷன் டாக்டர். அவன் மட்டும் இல்லைன்னா...”

“பஸ்!”

சொன்னது அப்பா.

“டாக்ஸி... இல்ல. பஸ். எ... என் பஸ்.” அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது. “நான்தான்... ஓட்டினேன். பஸ் நிறைய ஜனம். யாரும்... யாரும் இறங்கலை. நேரா... ஆஸ்... ஆஸ்பத்திரி. டிப்போல மெ... மெமோ குடுத்தான். குடுக்கட்டும்னு... வாங்கினேன்.”

“எனக்கென்னவோ டாக்ஸின்னுதான்...”

“பஸ்ஸுடி!”

மகள் சின்ன வயதில் கேட்டுக் கேட்டு மனப்பாடமான கதை. அதை மறுபடி அந்தக் குரலில் கேட்போம் என்று அவள் நினைக்கவே இல்லை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அப்பா திரும்பி வருகிற நேரம் பார்த்து அம்மா கிளம்புகிறாளே என்று நினைத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா அப்பாவின் பக்கம் திரும்பினார். “சார், இவங்களை வாராவாரம் கூட்டிட்டு வரணும். வீட்டுலயும் சரி, இங்கயும் சரி, இவங்க தப்பாச் சொன்னா நீங்கதான் திருத்தணும். உங்களைத் தவிர யாருக்கு எல்லாம் தெரியும்? செய்வீங்களா?”

“செய்... வேன்.” அப்பா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “பாவம். இவளுக்கு... வேற யாரு?”

வெளியே வந்ததும் அம்மா பர்ஸை விட்டுவிட்டேன் என்று திரும்ப உள்ளே போனாள். அப்பா வாசல் காவலாளியிடம் கையைக் காட்டி, “வண்டி... ஒண்ணு... வேணும்” என்று தானே கேட்டுக்கொண்டிருந்தார். அம்மாவைத்தான் ரொம்ப நேரமாகக் காணோம். எந்த அறைக்குள் புகுந்து யாரை என்ன சொல்லித் தொலைக்கிறாளோ என்று பதறி, மகள் வராந்தாவில் ஓடினாள்.

டாக்டரம்மாவின் கதவு பாதி திறந்திருந்தது.

“பேச்சுப் பயிற்சிக்குத் தூக்கிட்டு வந்தாலும் வரமாட்டேன்னவர், இன்னைக்கு ஒரு கதையே சொல்லிட்டாரேம்மா!” டாக்டரம்மா சிரித்துக்கொண்டிருந்தார்.

“தனக்குன்னா வரமாட்டார் டாக்டர். எனக்குன்னா ஓடி வருவார்.” அம்மாவின் குரலில் தடுமாற்றம் துளியும் இல்லை. “மகதான் பாவம், அழுதுட்டா. அவகிட்ட இன்னைக்கே உண்மையைச் சொல்லிடறேன்.”

கதவைத் தள்ளப் போன கையை மகள் இழுத்துக்கொண்டாள். உள்ளே அம்மா நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டாள்:

“அது கிடக்கட்டும், அடுத்த வாரம் நான் எதை மறக்கணும்?”