அறுபத்திரண்டாவது மீட்டர்

"கேபிளை அறுத்தது இந்தம்மாதான். கையும் களவுமா பிடிச்சு வெச்சிருக்கேன். நீ பார்த்து ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும்."

கரீமுல்லா இன்னும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. மந்தைவெளியில் அந்தத் தெரு முழுக்கக் காலையிலிருந்து இன்டர்நெட் இல்லை என்று புகார் வந்து, சரிசெய்ய வந்தவன் அவன். வந்த இடத்தில் தீர்ப்புச் சொல்லச் சொல்கிறார்கள்.

பேசியவர் ரகுபதி. தெரு நலச் சங்கத்தின் செயலாளர், வயதானவர். அவருக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர். மாடி வீட்டு மணிமொழி, திறந்த லேப்டாப்பைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு நின்றாள். பன்னிரண்டு மணிக்கு அவளுக்கு வேலைக்கான இன்டர்வியூ, அந்த லேப்டாப் வழியாகத்தான்.

குற்றம் சாட்டப்பட்டவள் தேசம்மா. தெருமுனையில் மீன் விற்கிறவள். குடைக்கு அடியில் உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"குடையை எதால கட்டியிருக்கா பாரு. ஃபைபர் கேபிள். பக்கத்துலயே அருவாமனை. இன்னும் என்ன சாட்சி வேணும்?"

"நான் அறுக்கல சார்," என்றாள் தேசம்மா, தலை நிமிராமல். "கீய கெடந்துச்சு. எடுத்துக் கட்டினேன்."

"நாளையிலேருந்து இந்தத் தெருவுல நீ கூடையை இறக்கக் கூடாது."

கரீமுல்லா குனிந்து ஒயரைத் தொட்டுப் பார்த்தான்.

"சார், இது கம்பத்துக்குக் கம்பம் தொங்க விடற கேபிள். கூடவே ஒரு இரும்புக் கம்பி ஓடுது பாருங்க, அதுதான் வெயிட்டைத் தாங்கறது. இது பழசு. எங்க ஆளுங்களே கழட்டிப் போட்டிருப்பாங்க."

"அப்போ எங்களுக்கு வர்றது?"

"தரைக்கு அடியில வருது. அது ஆர்மர்டு. இரும்புச் சட்டை போட்ட கேபிள். எலி கடிச்சா எலிக்குத்தான் பல்லு போகும். வீட்டுக்குள்ள வர்றது இன்னொரு வகை, தட்டையா, நாடா மாதிரி."

ரகுபதி விடுவதாக இல்லை. செல்போனில் கொஞ்சம் படித்துவிட்டு வந்திருந்தார்.

"சிங்கிள் மோடா, மல்டி மோடா?"

"சிங்கிள் சார்."

"அதென்ன சிங்கிள்? எங்க தெரு என்ன இளப்பமா? மல்டியே போட வேண்டியதுதானே?"

"மல்டி ஒரே பில்டிங்குக்குள்ள ஓடறதுக்கு சார். ஐ.டி. கம்பெனியில ஒரு ரூம்லேருந்து பக்கத்து ரூமுக்கு. தூரம் போகணும்னா சிங்கிள்தான். இங்கேருந்து தரமணி வரைக்கும் வெளிச்சம் ஒரே மூச்சுல போகும்."

"அண்ணா, மணி பத்தே முக்கால்," என்றாள் மணிமொழி.

கரீமுல்லா தெருமுனைப் பெட்டியைத் திறந்து ஒரு மீட்டரை மாட்டினான்.

"இது கேபிளுக்குள்ள வெளிச்சத்தை அனுப்பும். அறுந்த இடத்துல முட்டித் திரும்பி வரும். எத்தனை மீட்டர் தள்ளின்னு இதுவே சொல்லிடும்."

திரையில் அறுபத்திரண்டு என்று வந்தது.

டேப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தான். கூட்டம் சாமி புறப்பாடு மாதிரி பின்னாலேயே வந்தது. தேசம்மாவின் கூடை பன்னிரண்டாவது மீட்டரிலேயே பின்தங்கிவிட்டது.

"இங்கே இன்னொரு தடவை அளந்து பாரேன்," என்றார் ரகுபதி.

முப்பது. நாற்பது. ஐம்பதைத் தாண்டியதும் அவர் கூட்டத்துக்குப் பின்னால் போய்விட்டார்.

அறுபத்திரண்டாவது மீட்டர், ரகுபதி வீட்டு கேட்டுக்குப் பக்கத்தில் வந்தது. அங்கே இரும்புப் பைப்பில் ஒரு புதுப் பலகை. 'இங்கு நடைபாதை வியாபாரம் கூடாது.' பைப்பைச் சுற்றி மண் இன்னும் ஈரமாகவே இருந்தது.

"எலியைத் தாங்கும் சார். கடப்பாறையைத் தாங்காது," என்றான் கரீமுல்லா. "யாரு நட்டது இதை?"

கூட்டம் ரகுபதியைப் பார்த்தது.

"யாரோ... காலையில ஆளுங்க வந்த மாதிரி இருந்தது. நான் பூஜையில இருந்தேன்."

கையைத் துடைத்துக்கொண்டு தேசம்மாவும் பின்னாலேயே வந்திருந்தாள். மணிமொழி அவள் பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா, நீங்க ஆறு மணிக்கே வந்துடறீங்களே. யாருன்னு பார்த்தீங்களா?"

தேசம்மா ரகுபதியைப் பார்த்தாள். அவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

"ரெண்டு பேரும்மா," என்றாள். "நட்டுட்டுப் போய்க்கினே இருந்தாங்க. மூஞ்சி சரியா தெரில."

அந்த இரண்டு பேரையும் தெருவே நின்று திட்டித் தீர்த்தது. ரகுபதியும் திட்டினார், கொஞ்சம் சன்னமான குரலில்.

கரீமுல்லா பள்ளம் தோண்டி, தலைமுடி கனத்துக் கண்ணாடி இழைகளை ஒவ்வொன்றாக ஒட்டி முடித்தபோது மணி பதினொன்று ஐம்பது. லேப்டாப்போடு மணிமொழி மாடிக்கு ஓடினாள். கூட்டமும் கலைந்தது.

ரகுபதி பலகையைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனார். சற்று நேரத்தில் வெறுங்கையோடு தெருமுனைக்கு வந்தார்.

"நாளைக்கு வழக்கம்போல வந்துடு," என்று குடையைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

கரீமுல்லா பைக்கை எடுக்கும்முன் தேசம்மாவிடம் குனிந்தான்.

"அக்கா, நிஜமாவே ரெண்டு பேரா?"

"ரெண்டு பேருதான் நைனா. ஒருத்தரு கடப்பாறையால குத்தினாரு. பைப்பு சாயாம புடிச்சிக்கினு நின்னது நானு."

கரீமுல்லாவுக்குச் சிரிப்பு வந்தது. "பலகையில என்ன எழுதியிருக்குன்னு பார்க்கலியா?"

"பாக்காம இன்னா, படிச்சிட்டுதான் புடிச்சேன்," என்றாள் தேசம்மா. "வயசான மன்சன், ஒண்டியா மூச்சு வாங்கிக்கினு நின்னாரு."