நெற்றிக் குறி

ஒரு கணினிக்குள் இரண்டு குடித்தனம். கீழே வீட்டுக்காரர், அந்தக் கணினியின் இயங்குதளம். மாடியில் யுனிக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தின் ஊரிலிருந்து குடிவந்த நிரல்கள். ஒருவர் பேச்சை மற்றவருக்குப் புரியவைப்பது நடுவில் இருந்த மாடிப்படி.

அன்று வேறொரு கணினியிலிருந்து இணைப்பு என்ற குட்டிக் கோப்பு மாடிக்கு வந்து சேர்ந்தது. அங்கே பாட்டுப் போடும் நிரலான பாட்டுப்பெட்டி அதை ஆசையாகத் திறந்தது. உள்ளே ஒரே ஒரு வரி விலாசம்.

“என்னப்பா, பாட்டு கேட்டா விலாசத்தை நீட்டுற?”

“அந்த விலாசத்துலதான் பாட்டு இருக்கு. எங்க ஊர்ல என்னைத் தொட்டா நேரா அங்கேயே போயிடுவாங்க,” என்றது இணைப்பு.

“ஒரு வரிக்கு ஒரு கோப்பா? அழிச்சிடறேன்,” என்று வீட்டுக்காரர் கையை நீட்டினார்.

“இருங்க சார்!” மாடிப்படி இணைப்பை உற்றுப் பார்த்தது. “நகல் எடுத்தவங்க இவன் நெத்தியில இருந்த ‘நான் வழிகாட்டி’ங்கிற குறியை விட்டுட்டாங்க. அது இல்லேன்னா இவனைப் படிக்கத்தான் தோணும், இவன் வழியா போகத் தோணாது.”

சொல்லிக்கொண்டே குறியை வைத்தது. பாட்டுப்பெட்டி மறுபடி தொட்டது. வீடு முழுக்க நாதஸ்வரம்!

வீட்டுக்காரர் தலையாட்டி ரசித்தார். “அருமை! ஆமா, அந்த வெத்துக் கோப்பு எங்கே? அழிக்கணுமே.”

“தாராளமா அழிங்க. பாட்டும் நின்னுடும்,” என்றது மாடிப்படி.

வீட்டுக்காரர் கையை மடக்கிக்கொண்டார்.

“சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டச் சொல்லு.”