உயிரோடு இருப்பவராகக் கருதப்படுவார்

வருமான வரி ஆய்வாளர் கலியமூர்த்தி வாசலில் நின்று, "சார் இருக்காரா?" என்று கேட்டபோது மங்களாம்பிகைக்கு ஒன்றும் ஓடவில்லை. அவள் கணவர் இறந்து இரண்டு மாதமாகிறது. மாநகராட்சி கொடுத்த இறப்புச் சான்றிதழை எடுத்துவந்து நீட்டினாள்.

"இது மாநகராட்சி பேப்பர்மா. வரிச் சட்டம் பார்லிமெண்டோடது. அதுதான் பெருசு."

தினமும் காலையில் தன்னைத் தானே திருத்தி எழுதிக்கொள்ளும் அந்தச் சட்டத்தின் இன்றைய பிரிவை அவர் கையிலிருந்த டேப்லெட்டில் படித்துக் காட்டினார்: 'மதிப்பீடு முடியும்வரை, வரி செலுத்துபவர் உயிரோடு இருப்பவராகவே கருதப்படுவார்.'

"சார் மதிப்பீட்டுக்குச் சம்மதிச்சா இன்னிக்கே முடிஞ்சிரும். நீங்க அவர்கிட்ட கேட்டுச் சொன்னாலும் செல்லும்னு இருக்கு."

"முடிஞ்சா?"

"அப்புறம் சட்டப்படியும் இறந்துடுவார்."

மங்களாம்பிகை சுவரில் மாலையோடு இருந்த கணவரின் படத்தைப் பார்த்தாள். மாலையை விடுவதா, எடுப்பதா? கூரியர் ரசீதைக்கூடக் கடைசி வரிவரை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார் அந்த மனுஷன்.

உள்ளே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

"கேட்டேன். சட்டம் முழுசையும் படிச்சிட்டுத்தான் சொல்வாராம்."

"பத்தொன்பதாயிரம் பக்கம்மா! நாளைக்கு இன்னும் நாப்பது கூடும்."

படிக்க அவகாசம் உண்டா என்று அவரே டேப்லெட்டில் தேடினார். உண்டு என்றிருந்தது; எத்தனை நாள் என்றில்லை.

"அவர் நிதானமாத்தான் படிப்பார்," என்றபடி மங்களாம்பிகை படத்திலிருந்த மாலையைக் கழற்றினாள்.