பதினோராவது நிமிஷம்

நாலு மணிக்கு நேரடி ஒலிபரப்பு. மணி இரண்டே முக்கால். முப்பது நிமிஷ நாடகத்தில் பதினோரு நிமிஷம்தான் எழுதியிருந்தேன்.

வானொலி நிலையத்தின் ஏசி காலையிலேயே உயிரை விட்டிருந்தது. மேசைமேல் வைத்த கையை எடுத்தால் தாளும் கூடவே வந்தது. மின்விசிறியைப் போட்டால் தாள் பறக்கும், போடாவிட்டால் நான் வெந்துபோவேன். போடுவதும் அணைப்பதுமாக உட்கார்ந்திருந்தேன்.

எல்லாம் என் வாயால் வந்த வினை. நிலையத்தின் பொன்விழாவுக்கு அந்தப் பழைய நகைச்சுவைத் தொடரின் கடைசிப் பகுதியை மறுபடி போடலாம் என்றார்கள். தேடிப் பார்த்தால், அந்த ஒலிநாடாவின்மேல் எந்தப் புண்ணியவானோ வானிலை அறிக்கையைப் பதிந்து வைத்திருந்தார். வீட்டில் என்னிடம் ஒரு கேசட் இருக்கிறது, கேட்டு எழுதித் தருகிறேன், நடிகர்களை வைத்துப் புதிதாக நடத்திவிடலாம் என்று கூட்டத்தில் சொல்லித் தொலைத்தேன். இரண்டு வாரமாக இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, இதோ பக்கத்து அறையில் நடிகர்கள் கையை விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

கேசட்டை அப்படியே ஒலிபரப்ப முடியாது. அது என் ஒன்பதாவது வயதில் நான் பதிவு செய்தது. ரேடியோவுக்கு எதிரே ரெக்கார்டரை வைத்துச் சிவப்புப் பொத்தானை அழுத்துவேன். நாடகத்தோடு வீடும் சேர்ந்து பதிவாகும்.

அதனால் பொத்தான் அழுந்திவிட்டால் யாரும் மூச்சு விடக்கூடாது என்பது என் சட்டம். அப்பா தன் இருமலை வாசலுக்கு எடுத்துப் போவார். அம்மா பாத்திரத்தைத் தொடமாட்டாள். அந்த அரை மணி நேரம் வீட்டில் என் ராஜ்ஜியம்.

தயாரிப்பாளர் கதவைத் திறந்தார். கழுத்தில் எந்நேரமும் ஸ்டாப்வாட்ச் தொங்குவதால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ‘விநாடி’. என் தாளை எட்டிப் பார்த்தார்.

“ஒரு மணியிலேருந்து பதினோராவது நிமிஷத்துலயே நிக்கிறீங்களேம்மா. கேசட்டைக் குடுங்க, வேற யாராவது எழுதட்டும்.”

கேசட்டைக் கையால் மூடிக்கொண்டேன். மூன்றே முக்காலுக்கு முழுசும் தருகிறேன் என்றேன். தராவிட்டால் எனக்கு இங்கே நாளைக்கு நாற்காலி இருக்காது. அதை அவர் சொல்லவில்லை. ஸ்டாப்வாட்சை மட்டும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

வேறு யாருக்கும் இதைக் கொடுக்க முடியாது.

கேசட்டின் பதினோராவது நிமிஷத்தில், வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் மும்முரமாகச் சண்டை போடும்போது, சமையலறையிலிருந்து அம்மா கூப்பிடுவாள். பாப்பா, என்று ஒரே தடவை. உடனே ரெக்கார்டருக்குப் பக்கத்தில் என் குரல்: ஷ்ஷ்.

அதற்கப்புறம் அம்மா கூப்பிடவில்லை.

நாடகம் முடிந்து, இனிமேல் பேசலாம் என்று சொல்லச் சமையலறைக்கு ஓடினேன். அம்மா தரையில் கிடந்தாள். உலுக்கினேன், எழுந்திருக்கவில்லை. வெயில் என்றார்கள், நெஞ்சு என்றார்கள். அவள் கூப்பிட்டதையும் நான் அடக்கியதையும் யாரிடமும் நான் சொன்னதில்லை. அப்பா கண்ணை மூடும்வரை அவரிடமும் சொல்லவில்லை.

இந்த முப்பத்தோரு வருஷத்தில் ஏழெட்டுத் தடவை கேசட்டைப் போட்டிருப்பேன். ஒரு தடவைகூட அந்த ‘ஷ்ஷ்’ஷைத் தாண்டியதில்லை. மிச்சம் பத்தொன்பது நிமிஷம். அம்மா தரையில் கிடக்க, நான் நாடகம் கேட்டுக்கொண்டிருந்த பத்தொன்பது நிமிஷம்.

மணி மூன்று அடித்தது. மின்விசிறியை அணைத்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேசட்டை ஓடவிட்டேன்.

பாப்பா. ஷ்ஷ்.

இடது கை தானாக நிறுத்தப் போனது. அதை இழுத்துத் தொடைக்கு அடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். நாடகம் அதன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

வீட்டில் எலி இருக்கிறது என்று குடித்தனக்காரர் புகார் சொல்கிறார். குடிவரும்போது மூன்று பேர் என்றுதானே சொன்னீர்கள் என்று வீட்டுக்காரர் எகிறுகிறார்.

யாரோ சிரித்தார்கள்.

நாடகத்தில் இல்லை. தூரத்தில். என் சட்டத்துக்குப் பயந்து, வாயைப் பொத்திக்கொண்டு, அப்படியும் மூக்கு வழியாகத் தப்பி வந்துவிட்ட சிரிப்பு. அன்றைக்கு எனக்கு இது கேட்கவேயில்லை. என் காது முழுக்க ரேடியோவுக்குள் இருந்திருக்கிறது.

பதினெட்டாவது நிமிஷத்தில் மறுபடியும் சிரித்தாள். இருபத்தெட்டாவது நிமிஷத்தில், வீட்டுக்காரர் எலியிடமே போய் நியாயம் கேட்கும்போது, அடக்கமாட்டாமல் வாய்விட்டே சிரித்துவிட்டாள்.

இருபத்தெட்டாவது நிமிஷம்வரை அம்மா நன்றாக இருந்திருக்கிறாள். நாடகத்தை என்னோடு சேர்ந்து கேட்டிருக்கிறாள். என்னை எதற்குக் கூப்பிட்டாள் என்று இனித் தெரியப்போவதில்லை. குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கத்தான் இருக்கும். அன்றைக்கும் இதே வெயில்.

அழுதுகொண்டே எழுதினேன். வேர்வை என்று சொல்லிக்கொள்ள வசதியான நாள்.

மூன்று ஐம்பதுக்கு விநாடி வந்து தாள்களைப் பிடுங்காத குறையாக வாங்கிப் புரட்டினார். கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில் அவர் விரல் நின்றது.

“‘உள்ளேயிருந்து ஒரு பெண் சிரிக்கிறாள்’னு மூணு எடத்துல எழுதியிருக்கீங்க. அப்படி ஒரு பாத்திரமே கிடையாதேம்மா, யாரு சிரிக்கிறது?”

ஆள் இருக்கிறது என்றேன்.

அவருக்கு முன்னால் ஸ்டுடியோவுக்குள் போனேன். மைக்கிலிருந்து எட்டு அடி தள்ளி, கதவோரமாக நின்றுகொண்டேன். சிவப்பு விளக்கு எரிந்ததும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

நான் எலிக்காகக் காத்திருந்தேன்.