கொட்டாவி உயரம்

பேரிக்காய்த் தோட்டம் பார்க்க வருகிறவர்கள் ஏறி நிற்பதற்குச் சின்னச் சின்ன மர மேடைகள் வடிவமைப்பது அவள் தொழில். கைப்பிடியின் உயரத்தை மட்டும் அவள் எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுத்ததில்லை. ஒரு கட்டையைக் குறுக்கே கட்டி, கணவனை அதில் முழங்கை ஊன்றி நிற்கச் சொல்வாள். அவனுக்குக் கொட்டாவி வந்தால் உயரம் சரி. அதைப் பார்த்து அவளுக்கும் வந்துவிடும். ஆனால் அவள் குள்ளம். அவனுக்குச் சரியான கைப்பிடி அவளுக்கு இரண்டு அங்குலம் அதிகம். இதற்காகவே இருபது வருடம் சண்டை போட்டார்கள்.

அவன் போய்ச் சேர்ந்து ஒரு வருடமாகிறது. இந்த மேடைக்குத்தான் முதல்முறையாகத் தன் முழங்கையை வைத்து அளவு எழுதிக் கொடுத்திருந்தாள். வந்து பார்த்தால், கைப்பிடி இரண்டு அங்குலம் உயர்ந்திருந்தது.

"வரைபடத்தப் பாக்கலயா?" என்று தச்சரிடம் கேட்டாள். அவர் அவளிடம் வேலைக்குப் புதியவர், அவள் கணவனைப் பார்த்ததில்லை.

"பாத்தேன்மா. நேத்து ஒருத்தர் வந்து சாஞ்சு பாத்தாரு. ரெண்டு அங்குலம் ஏத்தச் சொன்னாரு. ஏத்தினதும் பெரிசா ஒரு கொட்டாவி விட்டாரு. உங்க ஆளுன்னு நெனச்சேன்."

அவள் கைப்பிடியை ஒருமுறை தடவினாள்.

"எங்க ஆளுதான்."

"பக்கத்துல நிக்கறவங்களுக்குன்னு கீழ ஒரு பலகையும் அடிக்கச் சொன்னாரும்மா."

இரண்டு அங்குலக் கனத்தில் ஒரு பலகை, ஒருவர் நிற்கும் அகலம். தச்சர் ஆணிப் பெட்டியோடு இறங்கிப் போனதும் அவள் அதில் ஏறி நின்றாள். முழங்கைகள் கச்சிதமாக உட்கார்ந்தன. கீழே மரங்கள் வரிசை வரிசையாகப் பூத்திருந்தன. மேடையில் வேறு யாரும் இல்லை. நன்றாகத் தூங்கி எழுந்து வந்தவளுக்கு, பக்கத்தில் யாரோ விட்டதைப் பார்த்துத் தொற்றிக்கொண்டதுபோல், ஒரு கொட்டாவி வந்தது.